பழந்துணிக் கவசம்

இடைக்கால ஐரோப்பாவின் போர்வீரன் என்றவுடன், தலை முதல் கால் வரை இரும்பு பூண்டு குதிரைமீது அமர்ந்திருக்கும் ஓர் உருவமே நம் மனக்கண் முன் தோன்றுகிறது. பாடப்புத்தகப் படங்களும் திரைப்படங்களும் அவ்வாறே காட்டி வந்திருக்கின்றன. ஆனால், அக்காலத்துப் படைகளில் அத்தகைய இரும்பு மனிதர் சிலரே. எஞ்சியோர் உழவர், தச்சர், நெசவாளர், சிறு வணிகர் ஆகியோராவர். ஊரிலிருந்து அழைக்கப்பட்டு, கால்நடையாகப் படையுடன் சென்றவர்கள். முழு இரும்புக் கவசம் வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய உடலைக் காத்தது துணியே. பல மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியோ, இரு துணிகளுக்கு இடையே பஞ்சு, கம்பளி, நார் முதலியவற்றை அடைத்தோ, நெருக்கமாகத் தைத்து ஆக்கிய கனத்த சட்டையே அவர்களுடைய கவசம்.

நம் ஊர்களில் மெத்தை தைப்பதைப் பார்த்திருப்போர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். பஞ்சை வில்லால் கொட்டிப் பதப்படுத்தி, உறைக்குள் சீராகப் பரப்பி, அது ஓரிடத்தில் குவிந்துவிடாதபடி நீண்ட ஊசியால் இடையிடையே தைப்பார்கள் அல்லவா? அதே தத்துவம்தான் இதுவும். மெத்தையில் நாம் படுக்கிறோம். இதனை அவர்கள் உடுத்தினார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, தையலில் ஒரு பிழை நேர்ந்தால் மெத்தையில் உறக்கம் கெடும், சட்டையில் உயிர் போகும் என்பதே.

இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வரலாற்று ஆர்வலர்கள் பலர் இச்சட்டையை அக்கால முறை வழுவாமல் மீண்டும் செய்து பார்க்கின்றனர். அது எளிய வேலை அன்று. ஏன் எளிதன்று, எவ்வாறு அதனைச் செய்கின்றனர், அதிலிருந்து கிராமங்களில் வாழும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சட்டம் விதித்த சட்டை

இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் ஹென்றி மன்னர் 1181-ஆம் ஆண்டில் ஓர் ஆயுதச் சட்டம் பிறப்பித்தார். குடிமக்கள் தத்தம் சொத்து மதிப்புக்கேற்ப எந்தெந்த ஆயுதங்களை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதை அது வரையறுத்தது. 16 மார்க் மதிப்புள்ள பொருள் அல்லது வருவாய் உடையவன் இரும்பு வளையங்களைக் கோத்த கவசம், தலைக்கவசம், கேடயம், ஈட்டி ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும். 10 மார்க் உடையவனுக்குச் சிறிய வளையக் கவசம், இரும்புத் தொப்பி, ஈட்டி ஆகியவை போதும். ஏனைய நகரத்தாரும் உரிமைக் குடிகளும் திணிப்புச் சட்டை ஒன்று, இரும்புத் தொப்பி ஒன்று, ஈட்டி ஒன்று வைத்திருக்க வேண்டும் எனச் சட்டம் கூறிற்று. இத்திணிப்புச் சட்டையைத்தான் அக்காலத்தார் 'காம்பெசன்' என்று அழைத்தனர்.

அடுத்து, 1285-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னர் காலத்தில் வின்செஸ்டர் சட்டம் வந்தது. 15 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் அனைவரையும் அது கட்டுப்படுத்தியது. ஆண்டுக்கு 100 ஷில்லிங் வருவாய் தரும் நிலமுடையவன் திணிப்புச் சட்டை, இரும்புத் தொப்பி, வாள், கத்தி ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும். வட்டாரந்தோறும் நியமிக்கப்பட்ட இரண்டு அதிகாரிகள் ஆண்டுக்கு இருமுறை இவற்றைப் பார்வையிட்டனர். பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு செய்தி சுவையாக இருக்கும்: சந்தை நகரங்களை இணைக்கும் பெருவழிகளின் இருபுறமும் 200 அடி தூரத்திற்குப் புதர்களை வெட்டி அகற்றவும், இரவுக் காவல் வைக்கவும் ஆணையிட்டதும் இதே சட்டந்தான். ஆகவே, சாலை, காவல், கவசம் ஆகிய மூன்றும் ஒரே ஊர்ப் பொறுப்பின் பகுதிகளாகக் கருதப்பட்டன என்பது தெளிவு.

ஸ்காட்லாந்தில் ராபர்ட் புரூஸ் மன்னர் 1318-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் இன்னும் நுணுக்கமானது. 10 பவுன் மதிப்புள்ள பொருளுடையவன் திணிப்புச் சட்டையும் தலைக்கவசமும் கையுறையும் ஈட்டியும் வாளும் வைத்திருக்க வேண்டும். ஒரு பசுவின் விலைக்கு ஈடான பொருள் மட்டுமே உடையவனும் தப்ப முடியாது. அவன் நல்ல ஈட்டி ஒன்றாவது, அல்லது வில்லும் 24 அம்புகளுமாவது வைத்திருக்க வேண்டும். இச்சட்டங்களை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். திணிப்புச் சட்டை பரம ஏழையின் உடையன்று. பசு ஒன்றுக்கு மேல் ஏதோ கொஞ்சம் நிலமும் பொருளும் சேர்த்துக்கொண்ட குடியானவனின் உடை அது.

பெயரில் உள்ள பருத்தி

இச்சட்டைக்கு 'அக்கெட்டன்' என்றும் ஒரு பெயர் உண்டு. அரபு மொழியில் பருத்திக்கு 'அல் குத்ன்' என்று பெயர். அச்சொல்லே பிரெஞ்சு மக்களின் நாவில் திரிந்து சட்டையின் பெயராயிற்று. ஆங்கிலத்தில் பருத்திக்கு வழங்கும் 'காட்டன்' என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஐரோப்பாவின் வடபகுதியில் பருத்தி விளைவதில்லை. சிரியா, எகிப்து முதலிய நாடுகளில் விளைந்த பஞ்சு, வெனிஸ், ஜெனோவா ஆகிய துறைமுக நகரங்களின் வணிகர் வழியாக இத்தாலிக்கு வந்து, அங்கிருந்து வடக்கே சென்றது. ஆகவே, லண்டனில் ஒரு கைவினைஞர் தைத்த சட்டைக்குள் இருந்தது, எங்கோ வெப்ப நாட்டில் ஓர் உழவர் விளைவித்த பஞ்சாகும்.

இவ்விடத்தில் தமிழ்நாட்டு உழவர்கள் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. இன்று உலகில் பெரும்பாலும் பயிராவது அமெரிக்கப் பருத்தி இனம். கொலம்பஸ் 1492-ஆம் ஆண்டில் கடல் கடந்து செல்வதற்கு முன்னர் ஐரோப்பியர் இவ்வினத்தை அறியார். அவர்கள் பயன்படுத்தியது பழைய உலகப் பருத்தி. அதில் இழை குட்டையானது, சற்றே சொரசொரப்பானது. நம் பக்கத்தில் முன்பு பரவலாகப் பயிரான உப்பம் பருத்தியும், மேற்கு ஆசியாவில் அந்நாளில் விளைந்த பருத்தியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. கரிசல் காட்டுக் கருங்கண்ணியோ பழைய உலகப் பருத்திகளில் மற்றோர் இனம். குட்டை இழையுடைய பஞ்சு மெல்லிய நூல் நூற்க உதவாது. ஆனால், அமுக்கினால் மீண்டு எழும் தன்மை அதற்கு உண்டு. திணிப்பதற்கு வேண்டியது அத்தன்மையே. எனவே, 14-ஆம் நூற்றாண்டுச் சட்டை ஒன்றைச் சிறிதும் பிழையின்றிச் செய்ய விரும்புவோர், கடைப்பஞ்சை வாங்கி அடைத்தால் போதாது. நாட்டுப் பருத்தியைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கும்.

பருத்தி வாங்க இயலாதோர் உள்ளூர்ப் பொருளை நாடினர். ஐரோப்பியக் கிராமங்களில் ஆளிச் செடியின் தண்டிலிருந்து நார் எடுத்து 'லினன்' என்னும் துணி நெய்தனர். செடியை வேரோடு பிடுங்கி, தண்ணீரில் ஊறப்போட்டோ பனியில் கிடத்தியோ அழுகவிட்டு, உலர்த்தி, தட்டி, இரும்புப் பற்கள் கொண்ட சீப்பில் வாருவார்கள். சணப்பை ஊறவைத்து நார் உரித்துப் பழகியவர்களுக்கு இம்முறை புதிதன்று. வாரும்போது நீண்ட நார் நூலுக்குப் போகும். சீப்பில் தங்கும் குட்டைச் சிக்கு நார் கழிவாக நிற்கும். அக்கழிவு நாரே எளியவர் சட்டைக்குத் திணிப்பாயிற்று.

துணி எவ்வாறு காக்கிறது?

துணி வாளைத் தடுக்குமா என்று வாசகர்கள் ஐயுறலாம். ஒற்றைத் துணி தடுக்காது. ஆனால், வைக்கோற்போரில் அரிவாளை ஓங்கி வீசிப் பார்த்தவர்க்கு, தளர்வாக அடுக்கிய பொருளை ஒரே வெட்டில் அறுப்பது எவ்வளவு கடினம் என்பது தெரியும். கத்தியின் விளிம்பு ஒவ்வோர் இழையையும் தனித்தனியே அறுத்தாக வேண்டும். அறுக்கும்போதே அடுக்குகள் சற்று நகர்ந்து விளிம்பின் வேகத்தை விழுங்கிவிடும். தடியடியோ கோடரி அடியோ விழுந்தால், திணிப்பு அமுங்கி, அடியின் விசையை ஓரிடத்தில் தங்கவிடாமல் பரப்பிவிடும். இரும்பு வளையக் கவசம் அணிந்த பெருமக்களும் அதனடியில் திணிப்புச் சட்டை உடுத்தியதற்குக் காரணம் இதுவே. வளையம் வெட்டைத் தடுக்கும். ஆனால் எலும்பை முறிக்கும் அடியை அது அப்படியே உடலுக்குள் கடத்திவிடும். அந்த அடியை ஏற்றுக்கொள்வது துணியின் வேலை.

இதற்கு நேரிற்கண்டோர் சான்றும் உண்டு. 1191-ஆம் ஆண்டில் பாலஸ்தீனக் கடற்கரை வழியே சிலுவைப்போர்ப் படை அர்சூப் நோக்கிச் சென்றபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து அதனைக் கண்டவர் சுல்தான் சலாவுதீனின் வரலாற்றை எழுதிய பகாவுத்தீன். கனத்த கம்பளி அழுத்துத்துணியும் வளையக் கவசமும் அணிந்த காலாட்கள், முதுகில் பத்து அம்புகள் வரை தைத்து நிற்க, அணி குலையாமல் நடந்து சென்றதாக அவர் எழுதியுள்ளார். 1483-ஆம் ஆண்டில் லண்டனுக்கு வந்திருந்த இத்தாலியரான மான்சினி, ஆங்கில வீரர்கள் மார்பில் இரும்பு அணிவதை விட்டுச் சிக்கு நார் முதலிய மெத்தென்ற பொருள் அடைத்த சட்டை அணிவதைக் குறித்து வைத்தார். திணிப்பு எவ்வளவு மெதுவாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக அடியைத் தாங்கும் என்றும், கோடையில் பாரம் குறைவு, குளிரில் பயன் மிகுதி என்றும் அவர்கள் கூறினராம்.

பிற நாட்டாரும் இதனை அறிந்திருந்தனர். மெக்சிகோவின் அஸ்டெக் வீரர்கள் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை அணிந்தனர். 1519-ஆம் ஆண்டில் அங்கே சென்ற ஸ்பானியர், தாம் கொண்டுவந்த இரும்பு இருக்கவும், அச்சட்டையைத் தாமும் மேற்கொண்டனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மைசூரில் திப்பு சுல்தான் காலத்திலும் திணித்துத் தைத்த காப்புடைகள் வழங்கின.

மூன்று சாட்சிகள்

இவ்வளவு பரவலாக வழங்கிய ஆடை இன்று எத்தனை எஞ்சியுள்ளது? ஐரோப்பா முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே. இரும்பு துருப்பிடித்தாலும் நெடுநாள் கிடக்கும். துணியைப் பூச்சியும் ஈரமும் தின்றுவிடும். அன்றியும், பயன் தீர்ந்த சட்டையை யாரும் பத்திரப்படுத்தவில்லை. கிழிந்ததைப் பிரித்து ஒட்டுப்போட எடுத்துக்கொண்டனர். அதற்கும் ஆகாத லினன் கந்தல் காகித ஆலைக்குச் சென்றது.

ஆகவே, சரியாகச் செய்ய விரும்புவோர் மூன்று வகைச் சாட்சிகளை விசாரிக்க வேண்டியுள்ளது. முதற்சாட்சி எஞ்சிய ஆடைகள். 1364-ஆம் ஆண்டில் போரில் இறந்த சார்ல் த புளுவா என்னும் பிரபுவின் சட்டை பிரான்சின் லியோன் நகரிலும், ஆறாம் சார்லஸ் மன்னரின் இளமைக் காலத்ததாகக் கூறப்படும் சிறு சட்டை சார்த்தர் நகரிலும் உள்ளன. 1376-ஆம் ஆண்டில் மறைந்த இங்கிலாந்து இளவரசர் எட்வர்டின் திணிப்பு அங்கி, கல்லறைக்குமேல் தொங்கவிடப்பட்டதால் பிழைத்துக் காண்டர்பரிப் பேராலயத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் லூபெக், ஸ்டெண்டால் நகரங்களில் 15-ஆம் நூற்றாண்டுப் படைவீரர் சட்டைகள் சில உண்டு. இரண்டாம் சாட்சி எழுத்து: சட்டங்கள், தொழிற்சங்க விதிகள், அரண்மனைக் கணக்குகள். மூன்றாம் சாட்சி ஓவியம்: 1250-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சில் வரையப்பெற்று, இன்று நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் உள்ள படவிவிலியம், நெடுக்குத் தையல் வரிகளுடன் கூடிய சட்டை அணிந்த காலாட்களைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஒவ்வொரு சாட்சியிலும் ஒரு குறை உண்டு. எஞ்சிய ஆடைகளில் பல அரசர், பிரபுக்களுடையவை, உழவனுடையவை அல்ல. எழுத்தில் பெயர் இருக்கும், உருவம் இராது. ஓர் ஊரில் ஒரு பொருளுக்கு வழங்கிய பெயர் வேறோர் ஊரில் மற்றொன்றுக்கு வழங்கியிருக்கும். ஓவியத்தில் உருவம் இருக்கும், உள்ளே அடைத்தது தெரியாது. மூன்றும் ஒத்துச் சொல்வதையே உறுதியாகக் கொள்ளலாம். எனவே, அனுபவசாலிகள் கூறும் முதல் விதி, ஊசியைத் தொடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது: எந்த நாடு? எந்த ஆண்டையொட்டியது? எந்தத் தரத்து மனிதனுக்கு? 1250-ஆம் ஆண்டுச் சட்டையின் வெட்டும் 1470-ஆம் ஆண்டுச் சட்டையின் தையலும் ஒன்றாகக் கலந்தால், அது எக்காலத்துக்கும் உரியதாகாது.

செய்முறை

இச்சட்டைகளில் இருவகை உண்டு: திணித்துத் தைப்பது ஒன்று; அடுக்கித் தைப்பது மற்றொன்று.

திணிக்கும் வகைக்கு மேலே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரு கெட்டியான லினன் துணிகள் வேண்டும். பஞ்சை நன்கு கொட்டித் தூசும் விதைத்துணுக்கும் நீக்கிக்கொள்ள வேண்டும். இத்தாலியிலும் பஞ்சுத் தொழிலாளர் வில்லால் கொட்டியே பதப்படுத்தினர். பிறகு இரு வழிகள் உள்ளன. பஞ்சைச் சீராகப் பரப்பி, மேல்துணி போர்த்தி, மேலிருந்து கீழாக வரிவரியாகத் தைப்பது ஒரு வழி. வரிகளை முதலில் தைத்துவிட்டு, அவற்றினிடையே உண்டாகும் நீண்ட குழாய்களில் கோல்கொண்டு பஞ்சைச் செலுத்துவது மறுவழி. எவ்வழியாயினும், தைத்தபின் துணியின் அகலம் சுருங்கும் என்பதை மறக்கலாகாது. திணிப்பு பருமனாக இருக்கும் அளவுக்குச் சுருக்கமும் மிகும். ஆகவே, முதலில் ஒரு சாண் துண்டைத் தைத்துப் பார்த்து, எவ்வளவு சுருங்கிற்று என்று அளந்து, அதற்கேற்ப முழுத்துணியையும் பெரிதாக வெட்டிக்கொள்ள வேண்டும். இவ்வொரு படியை விட்டுவிட்டு, முடிவில் உடம்பில் ஏறாத சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போர் பலர்.

அடுக்கும் வகைக்குச் சிறந்த வழிகாட்டி, 1461 முதல் 1483 வரை பிரான்சை ஆண்ட பதினோராம் லூயி மன்னரின் காலத்து ஆணை. 'ஜாக்' எனப்பட்ட இச்சட்டைக்குக் குறைந்தது 25 மடிப்புத் துணி வேண்டும். 30 மடிப்பும் அதன்மேல் ஒரு மான்தோலும் இருந்தால் மிக நன்று. துணி புதிதாக இருக்க வேண்டியதில்லை. உடுத்தி உடுத்தி மெதுவாகிப்போன பழந்துணியே ஏற்றது என்று அவ்வாணை கூறுகிறது. பழந்துணி நெருங்கிப் படியும், உடலுடன் வளையும், புதுத்துணியின் விறைப்பு அதில் இராது.

சிக்கனமும் இதில் கலந்திருந்தது என்பதைக் கணக்குப் போட்டால் அறியலாம். கைகள் நீங்கலாக உடற்பகுதிக்கு மட்டும் ஒரு மடிப்புக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர் துணி எனக் கொள்வோம். 30 மடிப்புக்கு 45 சதுர மீட்டர் ஆகும். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள துணியாயின், மொத்தம் 6 கிலோ 750 கிராம். கையால் நூற்றுக் கையால் நெய்த காலத்தில் 45 சதுர மீட்டர் புதுத்துணி என்பது ஒரு குடும்பத்தின் நெடுநாள் உழைப்பு. ஆனால், தேய்ந்த படுக்கை விரிப்பும் கிழிந்த உள்ளாடையும் எல்லா வீட்டிலும் இருந்தன.

அதே ஆணை வெட்டும் முறையையும் விளக்குகிறது. சட்டையை நான்கு பகுதிகளாக வெட்டி இணைக்க வேண்டும். கைக்குழி அகலமாக இருக்க வேண்டும். அதனைத் தோள் எலும்பின்மேல் வைக்காமல் கழுத்தை ஒட்டி வைத்து, அக்குளில் தாராளமாகத் துணி விடவேண்டும். இல்லையேல், வில்லை இழுக்கவோ ஈட்டியை ஓங்கவோ கை எழும்பாது. தலைக்கவசம் இடிக்காதபடி கழுத்துப்பட்டி பின்புறம் தாழ்ந்திருக்க வேண்டும். முன்புறம் நாடாவால் கட்டுவதாயின், அத்திறப்பின் அடியில் சட்டையளவே கனமுள்ள தனித்துண்டு ஒன்று தொங்க வேண்டும். திறப்பின் இடைவெளியை அது மறைக்கும். உள்ளே இரு மடிப்பில் கையில்லாத மெல்லிய சட்டை ஒன்றை அணிந்து, காலுடைகளை அதனோடு கட்டிக்கொண்டால், கனத்த சட்டைக்குள் உடல் தடையின்றி அசையும்.

தையலுக்கு லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பயன்படுத்த வேண்டும். மெழுகு ஏறிய நூல் சிக்காது, விரைவில் அறாது. 30 மடிப்பை வெறும் ஊசியால் குத்த முடியாது; செருப்புத் தைப்போர் செய்வதுபோலக் குத்தூசியால் வழி செய்து, பின் நூலைச் செலுத்த வேண்டும். நாடாத் துளைகளைக் குத்தும்போதும் இழைகளை அறுக்காமல் விலக்கித் துளைத்து, சுற்றிலும் நூலால் கட்ட வேண்டும். அறுத்த துளை இழுக்க இழுக்கக் கிழியும். தையலை மிகையாக இறுக்கினால், திணிப்பு பலகைபோல் இறுகித் தன் பயனை இழந்துவிடும். மிகையாகத் தளர்த்தினால், பஞ்சு கீழே இறங்கி மார்புப்பகுதி வெறுமையாகிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் பதம் கைக்குத்தான் தெரியும். எழுத்தில் அதனை முழுதும் சொல்ல இயலாது.

நம் நாளில் செய்வோர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் மூன்று. செயற்கை இழைப் பஞ்சை அடைப்பது முதற்பிழை. எல்லாத் தையலையும் இயந்திரத்தில் போடுவது இரண்டாம் பிழை. தையல் இயந்திரம் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. காப்புக்காக என்று எண்ணி அளவு மீறித் திணிப்பது மூன்றாம் பிழை. கை மடங்காத சட்டையணிந்த வீரன் தன்னைக் காத்துக்கொள்ளும் முன்னரே வீழ்வான்.

உள்ளே இருப்பதன் நேர்மை

1322-ஆம் ஆண்டில் லண்டன் கவசத் தொழிலாளர் தமக்குள் விதிகள் ஏற்படுத்திக்கொண்டனர். பட்டு போர்த்திய சட்டைக்குள் புதிய பருத்தித்துணி, பழைய பட்டு முதலிய குறிப்பிட்ட பொருள்களையே அடைக்க வேண்டும். வெள்ளைச் சட்டைக்குள் பழந்துணியும் பஞ்சும் அடைக்கலாம், ஆயினும் வெளித்துணியும் உள்துணியும் புதியனவாக இருக்க வேண்டும் என அவை கூறின. உடைந்த தலைக்கவசங்களுக்குப் புதுத்துணி போர்த்தி விற்போரையும் அவ்விதிகள் கண்டித்தன. போர்த்தியபின் நல்லதோ தீயதோ என வாங்குவோர் அறிய முடியாது என்பதே காரணம்.

பழந்துணி அடைப்பது குற்றமன்று. முன்னர்க் கண்டதுபோல் அது சிறப்பும் ஆகும். இன்னது என்று அறிவியாமல் குப்பையை அடைப்பதே குற்றம். வாங்கியவன் அதனை அறியும் நாள் போர் நாளாக இருக்கும். முறையிட அவன் திரும்பி வரமாட்டான். ஊர்ப் பணிகளைப் பார்வையிடும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இக்கவலையை நன்கு உணர்வார்கள். சாலையின் அடித்தளமும் தொட்டியின் உட்கம்பியும் மேற்பூச்சு முடிந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூடுமுன் பார்க்க வேண்டும் என்பதை அந்தத் தையற்காரர்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே விதியாக்கி வைத்தனர்.

நாம் செய்யக்கூடியது

ஆயிரக்கணக்கான கிராமத்தார் உடுத்திய ஆடையை, இன்று கற்றறிந்தோர் மூன்று சாட்சிகளை வைத்துக்கொண்டு ஊகித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. அரசரின் சட்டையைக் கோயிலில் வைத்துக் காத்தார்கள். உழவனின் சட்டை கந்தலாயிற்று. அன்று ஓர் ஊராராவது, இது இன்னார் தைத்தது, இத்தனை மடிப்பு, இந்த நூல் என எழுதி ஒரு துண்டுத் துணியுடன் வைத்திருந்தால், இவ்வளவு தேட்டம் வேண்டியதில்லை.

இந்நிலை நம் ஊர்களுக்கும் வாராதிருக்க வேண்டும். கிணறுதோறும் ஓடிய கமலையை இன்றைய சிறுவர் கண்டதில்லை. அதன் சாலையும் தோல் தும்பியையும் தைக்கத் தெரிந்தோர் எத்தனை பேர் நம்மிடையே உள்ளனர்? வில்லால் பஞ்சு கொட்டுவோர், கோணி தைப்போர், பனைநார்க் கட்டில் பின்னுவோர், மாட்டு மூக்கணாங்கயிறு திரிப்போர் ஆகியோர் கையிலுள்ள பதம் அவர்களோடு போய்விடலாகாது. கருங்கண்ணியும் உப்பமும் ஒரு காலத்தில் எந்த நிலத்தில், எந்த மாதத்தில் விதைக்கப்பட்டன என்பதை அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ ஒரு பெட்டியும் ஒரு பதிவேடும் போதும். ஒவ்வொரு கைப்பொருளிலும் ஒரு மாதிரி. அதனுடன் செய்தவர் பெயர், ஆண்டு, பொருள்கள், அளவு, செய்முறை ஆகியன எழுதிய தாள். பள்ளி மாணவர்கள் முதியோரிடம் கேட்டு எழுதலாம். கிராம சபை கூடும் நாளில் அதனைப் படித்துக் காட்டிப் பிழை திருத்தலாம். பூச்சி அரிக்காமலிருக்க ஆண்டுக்கு இருமுறை வெளியில் எடுத்து உலர்த்திப் பார்வையிட வேண்டும். வின்செஸ்டர் சட்டத்தார் ஆயுதங்களைப் பார்வையிட்டதும் ஆண்டுக்கு இருமுறைதானே! அவர்கள் எண்ணிப் பார்த்த சட்டைகளில் ஒன்றுகூட நம் கைக்கு எட்டவில்லை. நம் ஊர்ப் பெட்டியில் இன்று வைக்கும் ஒரு முழத் துணி, நமக்குப் பின் வருவோரின் கைக்கு எட்ட வேண்டும்.